மூன்று தோட்டாவும் ஒரு துண்டும்

கனி ராவுத்தரிடம் வேட்டை படித்தவர்களில் ஆசானைவிட வயதில் மூத்த சீடர் ஒருவர்தான். பெயர் குற்றாலிங்கம். மலையடிவாரத்து ஊரில் நெல் மில் வைத்திருந்தார். அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது, ராவுத்தருக்கு நாற்பது இருக்கும். அதனால் ஆசான் சீடரை அண்ணாச்சி என்பார், சீடர் ஆசானை வாங்க, போங்க என்பார். பக்கத்தில் இருந்து கேட்கிறவர்களுக்கு யார் யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறார் என்று குழப்பமாக இருக்கும். காட்டுக்குள் போய்விட்டால் குழப்பம் இல்லை. முன்னால் நடப்பவர் ராவுத்தர்.

அது சர்க்கார் வேட்டைக்கு லைசென்ஸ் கொடுத்துக்கொண்டிருந்த காலம். அந்தப் பருவத்துக்குக் குற்றாலிங்கத்துக்கு ஒரு ஆண் மிளாவுக்கு அனுமதி இருந்தது. மிளா என்றால் கடமான். அந்த மலையில் வளர்ந்த மிளா ஒன்று நின்றால் உழவு மாடு நிற்கிற மாதிரி இருக்கும். நெஞ்சுக்கூடு அகலம், எலும்பு கெட்டி. குண்டு சரியான இடத்தில் படாவிட்டால் மலை மலையாக இழுத்தடித்துவிடும்.

குற்றாலிங்கத்துக்கு வேட்டையில் ஆசை உண்டு. தோட்டாவில் அதைவிட ஆசை. மெட்ராஸ் துப்பாக்கிக் கடையிலிருந்து வருகிற விலைப்பட்டியலை மற்றவர்கள் பஞ்சாங்கம் படிக்கிற மாதிரி படிப்பார். எந்தத் தோட்டா எத்தனை கஜத்தில் எவ்வளவு தாழும், எந்தக் குண்டு எலும்பில் பட்டால் சிதறும், எது துளைத்துக்கொண்டு போகும் எல்லாம் மனப்பாடம். வெற்றிலை போடுவதை விட்டுவிட்டு வெற்றிலைச் செல்லத்துக்குள் வெல்வெட்டு விரித்து மூன்று தோட்டாக்களைப் படுக்கவைத்திருந்தார். போகிற இடமெல்லாம் செல்லமும் போகும். மில்லுக்கு நெல் கொண்டுவந்தவன்கூட அந்த மூன்றையும் பார்க்காமல் திரும்ப முடியாது.

மூன்றுக்கும் பெயர் வைத்திருந்தார். ஒல்லியாக இருக்கும் டூ செவன்ட்டிக்கு வேகக்காரன். தர்ட்டி நாட் சிக்ஸுக்கு நடுவன். திரீ செவன்ட்டி ஃபைவுக்குத் தடியன்.

"வேகக்காரன் கோடு போட்ட மாதிரி நேராப் போவான்" என்பார். "தடியன் மெதுவாத்தான் போவான், ஆனா எலும்பைக் கண்டு ஒதுங்க மாட்டான். நடுவன் ரெண்டு வீட்டுக்கும் சம்பந்தி."

முதல் நாள் ராவுத்தர் வீட்டுக்கு வந்தபோதே செல்லத்தைத் திறந்து காட்டிவிட்டார்.

"ராவுத்தரே, மிளாவுக்கு இந்த மூணுல எது நல்லது?"

ராவுத்தர் மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். திருப்பி வைத்தார்.

"நல்லாத் தொடச்சு வச்சிருக்கீரு அண்ணாச்சி."

"அதில்ல ஆசானே, எது நல்லதுன்னு."

"சொல்லுதேன். இன்னைக்குக் காத்து எங்கேருந்து அடிக்கி?"

குற்றாலிங்கம் விழித்தார். அன்றைக்குப் பாடம் காற்று பற்றிப் போனது. அடுத்த வாரம் கேட்டபோது குளம்படி பற்றிப் போனது. அதற்கடுத்த வாரம், "சுடு தண்ணி குடிக்கீரா, டீ குடிக்கீரா?" என்று கேட்டுவிட்டு ராவுத்தர் உள்ளே போய்விட்டார். மனிதரிடம் ஒரு பதில் வாங்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

ஆனால் வேட்டை முறைகளில் இரண்டை மட்டும் கேட்காமலே சொல்லியிருந்தார்.

முதலாவது, துண்டு. குண்டு விட்டதும் சுட்டவர் அசையக்கூடாது. தோளில் கிடக்கிற துண்டை நின்ற இடத்திலேயே போட்டுவிட்டுத்தான் நகர வேண்டும்.

"சுட்ட இடத்துல துண்டு கிடக்கும். மிளா நின்ன இடத்துல ரத்தம் கிடக்கும்" என்றார் ராவுத்தர். "ரெண்டுக்கும் நடுவுல ஒரு கயித்தைக் கட்டினா குண்டு போன வழி. எவ்வளவு தூரம், மேலேருந்தா கீழேருந்தா, எந்தப் பக்கம் பட்டுது, எல்லாத்தையும் துண்டு சொல்லிரும். எங்க பட்டுதுன்னு தெரிஞ்சா எங்க போயிருக்கும்னு தெரியும்."

இரண்டாவது, பள்ளம். ஓடைப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறதைச் சுடக்கூடாது.

"ஏன் ஆசானே? வேகக்காரன் சுளுவா எட்டுவானே."

"குண்டு எட்டும். நீரு எட்டணுமே."

அடிபட்டது அங்கே துடித்துக்கொண்டு கிடக்க, சுட்டவர் பள்ளத்தில் இறங்கி ஏறிப் போய்ச் சேருவதற்குள் அது எங்கேயோ போயிருக்கும். பள்ளம் தாண்டிச் சுட்டவர் துப்பாக்கியை ராவுத்தர் வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான், திரும்பி வரக்கூடாது. மரக் காண்டிராக்டர் அருணகிரி அப்படிப் போனவர். ஜீப்பெல்லாம் வைத்திருந்த ஆள். அதற்குப் பிறகு ராவுத்தர் வீட்டு வாசலில் அந்த ஜீப் நின்றதில்லை.

ராவுத்தருக்கென்று இன்னொரு வழக்கமும் இருந்தது. மிளா விழுந்ததும் கத்தியோடு ஓடுவார். உயிர் இருக்கும்போதே பிஸ்மில்லா சொல்லி அறுத்தால்தான் அவர் வீட்டுக்குக் கறி போகும். கத்தி போவதற்குள் உயிர் போய்விட்டால் பங்கு முழுக்க மற்றவர்களுக்கு. அதற்காக ஒருநாளும் முகம் சுளித்தவர் இல்லை.

அன்றைக்கு விடிந்து கொஞ்ச நேரத்தில் இருவரும் மலை ஏறினார்கள். சுமை தூக்குகிறவர்களை அடிவாரத்திலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். குற்றாலிங்கத்தின் தோளில் புது டூ செவன்ட்டி ரைபிள். பையில் வேகக்காரன்கள். செல்லத்தையும் விடவில்லை, இடுப்பில் கட்டியிருந்தார்.

ஓடைப் பள்ளத்தின் விளிம்பில் இருந்த கோணப்பாறையில் ஏறி நின்றதும் மறுபடியும் ஆரம்பித்தார்.

"ஆசானே, இன்னைக்காவது சொல்லுங்க. எது நல்லது?"

"சாயங்காலம் சொல்லுதேன்" என்றார் ராவுத்தர். "நான் ஓடையோட கீழ்ப்பக்கமாப் போறேன். நீரு இந்த விளிம்புல இரும். மேய வந்தா இந்தப் பக்கத்துப் புல்லுக்குத்தான் வரும். நூறு கஜத்துக்குள்ள வந்தா சுடும். வராட்டி சும்மா பாத்துக்கிட்டு இரும். பாக்கிறதும் வேட்டைதான்."

ராவுத்தர் போனார். குற்றாலிங்கம் பாறை விளிம்பில் உட்கார்ந்தார். வெயில் ஏறியது. இந்தப் பக்கத்துப் புல்லுக்கு ஒரு முயல்கூட வரவில்லை.

மிளா அந்தப் பக்கத்தில் வந்தது.

எதிர்ச்சரிவில், சோலையிலிருந்து வெளியே வந்து, சொட்டைப் பாறைக்குப் பக்கத்தில் பக்கவாட்டில் நின்றது. கொம்பு அப்படி ஒரு கொம்பு. காற்றில் தூசியே இல்லாத நேரம், ஒவ்வொரு கிளையும் தெரிந்தது. கையை நீட்டினால் தொடலாம் போல இருந்தது. இருநூறு கஜம்தான் என்று குற்றாலிங்கத்தின் கண் சொன்னது. பள்ளம் என்று மனசு சொன்னது. வேகக்காரன் இருக்கான் என்று கை சொன்னது. மூன்றில் கைதான் ஜெயித்தது.

தோளுக்குக் குறிவைத்து விசையை இழுத்தார். சத்தம் பள்ளம் முழுக்க உருண்டது. மிளா முன்னங்காலை மடக்கிக் குலுங்கி எழுந்து பாறைக்குப் பின்னால் போய்விட்டது.

பழக்கதோஷம், துண்டை எடுத்து நின்ற இடத்தில் போட்டார். போட்டுவிட்டுப் பள்ளத்தைப் பார்த்தார். அப்போதுதான் அருணகிரி ஞாபகம் வந்தது. இத்தனை வயதுக்கு மேல் ஒருத்தர் பின்னால் நடந்து கற்றுக்கொள்ளக் கிடைத்தது சாமானியம் இல்லை. மில்லில் அவரை எதிர்த்துப் பேச ஆள் கிடையாது, வீட்டிலும் கிடையாது. இந்த ஒரு மனிதரிடம்தான் அவர் சின்னப் பையனாக நிற்க முடிந்தது. அது அவருக்குப் பிடித்திருந்தது, ரொம்பப் பிடித்திருந்தது. அது போய்விடும்.

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

பள்ளத்தில் இறங்கி முட்செடியில் வேட்டி கிழிய அந்தப் பக்கம் ஏறினார். மூச்சு வாங்கியது. சொட்டைப் பாறைக்குப் பக்கத்தில் மூன்று நான்கு சொட்டு ரத்தம். அதற்கு மேல் வெறும் கல்தரை, குளம்படி இல்லை. திரும்பி, தான் சுட்ட விளிம்பைப் பார்த்தார். அங்கே அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்த பெரிய பாறை ஒரு கொட்டைப்பாக்கு அளவுக்குத் தெரிந்தது. முந்நூற்றைம்பது கஜத்துக்குக் குறையாது.

ரத்தம் கிடந்த இடத்திலிருந்து கொஞ்ச தூரம் கீழே, எண்பது கஜம் இருக்கும், ஒரு நெல்லி மரம் நின்றது. துண்டை அதன் அடியில் போட்டார். நன்றாகத் தெரிகிற மாதிரி போட்டார்.

ராவுத்தர் ஓடையோடு ஏறி வந்து சேர்ந்தார். வந்ததும் துண்டைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் குற்றாலிங்கத்தின் முகத்தைப் பார்த்தார்.

"இங்கேருந்தா சுட்டீரு?"

"ஆமா."

"பள்ளத்தைத் தாண்டி முன்னாடியே வந்துட்டீராக்கும்."

"அங்க ஒண்ணும் வரலை. அதான் இந்தப் பக்கம் வந்து உக்காந்தேன்."

"சரிதான்" என்றார் ராவுத்தர்.

துண்டுக்குப் பக்கத்தில் நின்று ரத்தத்தைப் பார்த்தார். ரத்தத்துக்குப் பக்கத்தில் நின்று துண்டைப் பார்த்தார். தரையை அவர் பார்க்கவே இல்லை.

"வேகக்காரன் இவ்வளவு கிட்டத்துல தோள் எலும்புல பட்டா என்ன ஆகும் அண்ணாச்சி? உமக்குத்தான் பாடமாச்சே."

"சிதறிரும்" என்றார் குற்றாலிங்கம். "ஆழமாப் போகாது."

"அப்ப காயம் மேலாக்கத்தான். கால் ஓடும், உள்ளுக்குள்ள பலம் இருக்கும். பலம் இருக்கிறது மேட்டுக்குத்தான் ஏறும்." ராவுத்தர் மேலே புல்மேட்டைக் காட்டினார். "மேட்டைத் தாண்டி அடுத்த மலைக்குப் போறதுக்குள்ள பிடிக்கணும். வாரும்."

ஏறினார்கள். குற்றாலிங்கத்துக்குக் கால் ஏறியது, மனசு ஏறவில்லை. மனசுக்குள் விலைப்பட்டியல் விரிந்துகொண்டே போனது. நூறு கஜத்துக்குக் குறி சரிசெய்து வைத்த ரைபிள். முந்நூற்றைம்பதில் குண்டு இரண்டு சாண் தாழும். தூக்கத்தில் கேட்டால்கூடச் சொல்லியிருப்பார், விசையில் விரல் வைத்தபோது மறந்துபோனார். தோளுக்குக் குறிவைத்தால் இரண்டு சாண் கீழே என்ன இருக்கிறது? குண்டு ஒரு அடி பின்னால் தள்ளிப் பட்டிருந்தால் வயிறு. அவ்வளவு தூரம் போன வேகக்காரன் வேகம் குறைந்திருப்பான், சிதறியிருக்க மாட்டான். வயிற்றில் பட்ட மிளா மேட்டுக்கு ஏறாது. தாகம் எடுக்கும். தண்ணீருக்கு இறங்கும்.

அவருக்குத் தெரிந்துவிட்டது. இந்த மலையிலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும். சொன்னால் போதும். ஆனால் தூரத்தைச் சொல்லாமல் அதைச் சொல்ல வழியில்லை.

புல்மேட்டில் ஒன்றும் இல்லை. ராவுத்தர் குனிந்து ஒவ்வொரு புல்லாகப் பார்த்தார். ஒரு சொட்டு ரத்தம் இல்லை, மடங்கின புல் இல்லை. உச்சிக்குப் போய் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். திரும்பி வந்தார். மறுபடியும் ஒரு சுற்று.

"ஆசானே, வேணும்னா கீழ பாப்போமா?" என்றார் குற்றாலிங்கம்.

"எதுக்கு?"

"சும்மா ஒரு இதுக்கு."

"துண்டு மேலன்னு சொல்லுது அண்ணாச்சி. கீழ போயி நேரத்தைக் கொல்லவா?"

மறுபடியும் தேடினார்கள். வெயில் சாய்ந்துவிட்டது. ராவுத்தர் ஒரு கல்லில் உட்கார்ந்தார். அவர் தேடும்போது உட்கார்ந்து குற்றாலிங்கம் பார்த்ததே இல்லை. இரண்டு கண்ணையும் உள்ளங்கையால் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு என்னமோ ஆகிப்போச்சு அண்ணாச்சி" என்றார். "கண்ணு முன்ன மாதிரி இல்ல. துண்டு சரியாத்தான் சொல்லுது. நான்தான் தப்பாப் படிச்சுட்டேன். பாவம், ஒரு உயிரு எங்கயோ கிடந்து வதைபடுது, என்னால."

வெளியே போ என்று சொல்லியிருந்தால்கூடக் குற்றாலிங்கம் தாங்கியிருப்பார்.

அப்போது கீழே ஓடை ஆரம்பிக்கிற ஓடைத் தலையிலிருந்து ஒரு விசில் சத்தம் வந்தது. யாரோ வாயைக் குவித்து ஊதின மாதிரி. பதிலுக்கு இன்னொன்று. செந்நாய்கள் ஒன்றையொன்று கூப்பிடுகிற சத்தம். அவை எதைச் சுற்றிக் கூடுகின்றன என்று குற்றாலிங்கத்துக்குத் தெரியும். செந்நாய் கொன்றுவிட்டுத் தின்னாது, தின்றுகொண்டே கொல்லும்.

"ராவுத்தரே."

"ம்."

"துண்டு பொய் சொல்லுது."

ராவுத்தர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் கோணப்பாறையிலேருந்து சுட்டேன். பள்ளத்துக்கு அந்தப் பக்கத்துலேருந்து. துண்டை அங்கதான் போட்டேன், அப்புறம் எடுத்துட்டேன். நெல்லி மரத்தடியில போட்டது நான்தான்." குற்றாலிங்கத்துக்கு வார்த்தை முண்டியடித்துக்கொண்டு வந்தது. "முந்நூத்தம்பது கஜம். ரெண்டு சாண் இறங்கியிருக்கும். வயித்துலதான் பட்டிருக்கும், குண்டு உள்ள போயிருக்கும். தண்ணிக்குத்தான் இறங்கியிருக்கும் ஆசானே. ஓடைத் தலையில ஈத்தைக்காடு இருக்குல்ல, அங்க. உங்க கண்ணுல ஒண்ணும் இல்ல. உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு."

ராவுத்தர் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். சரிவில் இறங்கி ஓட ஆரம்பித்தார். குற்றாலிங்கம் பின்னால் ஓடினார். விழுந்தார், எழுந்தார், மறுபடியும் ஓடினார். செல்லம் இடுப்பில் இடித்துக்கொண்டே வந்தது.

மூங்கில் மாதிரி அடர்ந்து வளர்ந்த ஈத்தைக்காட்டுக்குள் தண்ணீர் தேங்கின இடத்தில் மிளா உட்கார்ந்திருந்தது. பின்பாதி தண்ணீருக்குள். தலையை மட்டும் தூக்கி வைத்திருந்தது, கொம்பின் கனத்தில் அது ஆடியது. சுற்றி நாலைந்து செந்நாய்கள், ஒன்று தண்ணீருக்குள்ளேயே இறங்கிவிட்டிருந்தது. ராவுத்தர் கல்லை எடுத்து எறிந்து சத்தம் போட்டார். செந்நாய்கள் ஈத்தைக்குள் ஒதுங்கின, போய்விடவில்லை.

மிளா அவர்களைப் பார்த்தது. எழுந்திருக்கப் பார்த்தது. முடியவில்லை.

குற்றாலிங்கம் ராவுத்தரைப் பார்த்தார். ராவுத்தரின் கை இடுப்புக் கத்திப் பக்கம் போகவில்லை.

"கத்தி?" என்றார் குற்றாலிங்கம்.

"நான் போயிச் சேருற வரைக்கும் அது பயப்படும். பட்டது போதும்." ராவுத்தர் விலகி நின்றார். "உம்ம மிளா. பக்கத்துல போயிச் சுடும்."

குற்றாலிங்கம் தண்ணீருக்குள் இறங்கி நடந்தார். இருபது கஜம்கூட இல்லை. காலையில் இருந்த அதே ரைபிள், அதே வேகக்காரன். மூச்சைப் பிடித்து நிறுத்தினார். குறி ஆடாமல் நிற்கும்வரை காத்திருந்தார். கழுத்து எலும்பு தலையோடு சேருகிற இடத்துக்குக் குறிவைத்து விசையை இழுத்தார்.

தலை தண்ணீரில் சாய்ந்தது. அதற்குப் பிறகு ஒரு துடிப்புகூட இல்லை.

ராவுத்தர் வந்து மிளாவின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். குண்டு நுழைந்த இடத்தில் விரலை வைத்தார். கீழ் வயிறு. குற்றாலிங்கம் சொன்ன இரண்டு சாண் அப்படியே இருந்தது.

"கணக்கு சரியாப் போட்டிருக்கீரு" என்றார்.

குற்றாலிங்கம் தண்ணீருக்குள் நின்றபடியே அழுதார். சத்தம் போட்டு இல்லை. ஐம்பது வயது மனிதர் எப்படி அழுவாரோ அப்படி, முகத்தைத் திருப்பிக்கொண்டு. ராவுத்தர் ஈத்தை இலையில் கையைத் துடைத்துக்கொண்டு, சுமை தூக்குகிறவர்களுக்காகக் கீழே பார்த்து நீளமாகக் குரல் கொடுத்தார்.

ஆட்கள் வந்து மிளாவைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார்கள். ராவுத்தர் நெல்லி மரத்தடிக்குப் போய் அங்கே கிடந்த துண்டை எடுத்து உதறினார். அதைக் குற்றாலிங்கத்திடம் கொடுக்கவில்லை, தன் தோளிலேயே போட்டுக்கொண்டார். இருவரும் இறங்கினார்கள்.

பாதி வழியில் குற்றாலிங்கம் கேட்டார். "ஆசானே, என் காலடி பள்ளத்துலேருந்து ஏறி வந்திருக்குமே. நீங்க ஒரு தடவை குனிஞ்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சிருக்கும்."

"ஏன் பாக்கலை?"

"துண்டு கிடந்துச்சே அண்ணாச்சி. துண்டு கிடந்தா நான் காலடி பாக்கிறது இல்ல."

அடிவாரம் வரைக்கும் குற்றாலிங்கம் ராவுத்தரின் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தபடியே நடந்தார்.

ராவுத்தர் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். கறியைக் கூறு போட ஆட்கள் களத்துக்குப் போய்விட்டார்கள். ராவுத்தர் வீட்டுப் பங்கு என்று அன்றைக்கு எதுவும் இல்லை. உள்ளேயிருந்து பருப்பு கொதிக்கிற வாசம் வந்தது.

குற்றாலிங்கம் வாசலிலேயே நின்றார். தோளிலிருந்து ரைபிளை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தார். பையை அதன் பக்கத்தில் வைத்தார். இடுப்பிலிருந்து வெற்றிலைச் செல்லத்தை அவிழ்த்து அதன்மேல் வைத்தார்.

"பள்ளம் தாண்டிச் சுட்டவனுக்கு என்ன முறைன்னு எனக்குத் தெரியும்" என்றார். "துண்டை மாத்திப் போட்டவனுக்கு என்ன முறை?"

"அதுக்கு முறை இல்ல" என்றார் ராவுத்தர்.

"ஏன்?"

"இதுவரைக்கும் யாரும் மாத்தினது இல்ல."

குற்றாலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். எந்த ஏச்சும் அவ்வளவு ஆழமாகப் போயிருக்காது.

ராவுத்தர் குந்தி உட்கார்ந்து செல்லத்தைத் திறந்தார். மூன்று தோட்டாவும் வெல்வெட்டில் படுத்திருந்தன. அத்தனை ஓட்டத்திலும் ஒன்றுகூடப் புரளவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார், முதல் நாள் பார்த்த மாதிரியே.

"காலையில ஒண்ணு கேட்டீரே. சாயங்காலம் சொல்லுதேன்னேன்."

"இப்ப எதுக்கு ஆசானே அது? இந்த மூணையும் கிணத்துல போடுங்க. எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

"தோட்டா மேல என்ன கோவம்? வயித்துல பட்டதும் அவன்தான், கழுத்துல பட்டதும் அவன்தான்." ராவுத்தர் வேகக்காரனை அதன் இடத்தில் வைத்தார். நடுவனையும் தடியனையும் வைத்தார். "மூணும் நல்ல சாமான்தான். பத்திரமா வச்சுக்கிடும்."

செல்லத்தை மூடிக் குற்றாலிங்கத்தின் கையில் கொடுத்தார். ரைபிளை எடுத்து உள்ளே கொண்டுபோய் முளையில் மாட்டினார். அது அங்கே மாட்டப்படுவதைக் குற்றாலிங்கம் வாசலில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தார். திரும்பி இரண்டு எட்டு வைத்துவிட்டார்.

"அண்ணாச்சி."

நின்றார்.

ராவுத்தர் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அதில் நெல்லி இலை ஒன்று ஒட்டியிருந்தது, தட்டிவிட்டார். நாலாக மடித்துக் குற்றாலிங்கத்தின் தோளில் போட்டார்.

"பள்ளம் தாண்டிப் போனது உம்ம துப்பாக்கி. அது இங்கன கிடக்கட்டும்" என்றார். "நீரு நாளைக்கு வாரும். துண்டை மட்டும் கொண்டாரும்."